அத்தான் கேட்ட அமைதியான ஊர்

என் அக்காவின் கணவரை அவர் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘அசையாதீங்க’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். “அசையாதீங்க வந்தாச்சா?”, “அசையாதீங்க சாப்பிடப் போயிருக்காரு” என்று நர்சுகள் பேசிக்கொள்வதை நானே கேட்டிருக்கிறேன். எக்ஸ்ரே எடுப்பவர் அவர். மூச்சை இழுங்க, அப்படியே பிடிங்க, அசையாதீங்க. காலையில் ஆரம்பித்தால் சாயங்காலம் வரை இதையேதான் சொல்லிக்கொண்டிருப்பார். ஒவ்வொருவராக முகவாயைத் தூக்கிவிட்டு, தோளை முன்னால் தள்ளி, நெஞ்சைப் பலகையோடு சேர்த்து நிறுத்துவார். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போய்ப் பொத்தானை அமுக்குவார். அடுத்த ஆளைக் கூப்பிடுவார்.

படம் எடுத்து முடித்ததும் ஒருத்தர் பாக்கியில்லாமல் எல்லாரும் அவர் முகத்தைப் பார்ப்பார்கள். “ஏதாச்சும் இருக்குங்களா?” என்பார்கள். “டாக்டர் சொல்வாரு” என்பார் அத்தான். படம் சுத்தமாக இருந்தாலும் அதே பதில், உள்ளே வீடே இடிந்து கிடந்தாலும் அதே பதில். ஒருமுறை நான் என் கை எலும்பைப் படம் எடுக்கப் போனபோதும் மச்சினி என்று கூடப் பார்க்காமல் அதையேதான் சொன்னார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அக்காதான் விளக்கம் சொன்னாள். நல்ல படத்துக்குச் சிரித்தால், சிரிக்காத அன்றைக்கு எதிரில் நிற்பவருக்கு விஷயம் தெரிந்துவிடுமாம். அதனால் எல்லாருக்கும் ஒரே முகமாம். அவருக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் இருட்டறையில் ஃபிலிம் கழுவிய காலத்திலேயே சொல்லிவைத்தது.

முகத்தை ஆஸ்பத்திரியிலேயே கழற்றி மாட்டிவிட்டு வந்தால் யார் என்ன சொல்லப் போகிறார்கள்? அத்தான் அதை வீட்டுக்கும் கொண்டுவந்தார். கல்யாணப் போட்டோவைப் பார்த்தால் மாப்பிள்ளையைப் பலகையோடு சேர்த்து நிறுத்திய மாதிரிதான் இருக்கும். சாப்பாட்டில் உப்பு இல்லாவிட்டாலும் தெரியாது, இரண்டு தடவை போட்டிருந்தாலும் தெரியாது. கல்லுளிமங்கன் என்று நான் அவருக்கு ஒரு பட்டம் கொடுத்து வைத்திருக்கிறேன், முதுகுக்குப் பின்னால். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி அவர்கள் பேசுவதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது. அத்தான் எப்போதாவது பேசினாரா என்பதே எனக்குச் சந்தேகம்தான்.

அக்கா நேர் எதிர். தவறான நம்பருக்கு வந்த போனில்கூட அந்தப் பக்கத்தில் இருப்பவரின் குடும்ப நலத்தை விசாரித்துவிட்டுத்தான் வைப்பாள். கடைக்குப் போனால் காய்கறியோடு நாலு பேர் கதையையும் வாங்கிக்கொண்டு வருவாள். இந்த மனிதரோடு எப்படிக் காலம் தள்ளுகிறாய் என்று ஒருநாள் கேட்டேன். “குறுக்க பேசாத ஆளு எத்தனை பேருக்குக் கிடைக்கும், சொல்லு” என்றாள்.

எனக்குத் தையல் கடை. ஜன்னல் திரை, மெத்தை உறை, கால் நீளமான பேன்ட்டைக் குறைப்பது, இதெல்லாம்தான் வேலை. ஒரு மத்தியானம் யாரோ வாசலில் நிழல் மாதிரி நின்றார்கள். நிமிர்ந்து பார்த்தால் அத்தான். கடை திறந்த நாளுக்கு வந்தவர், அதற்கப்புறம் எட்டிப் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரிச் சட்டையோடு, சட்டையில் குத்திய சின்ன பேட்ஜோடு வந்திருந்தார். எக்ஸ்ரே கதிர் உடம்பில் எவ்வளவு பட்டிருக்கிறது என்று அளக்கும் பேட்ஜ் அது. சில மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்கு அனுப்புவார்கள்.

“என்ன அத்தான், இன்னைக்குச் சூரியன் எந்தப் பக்கம் உதிச்சுது?” என்றேன்.

துணிக்கட்டை நகர்த்திவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். “கடலோரமா ஒரு ஊரு வேணும். அமைதியா இருக்கணும். ஒரு வாரம் தங்கற மாதிரி வீடு. உன் போன்ல பார்த்துச் சொல்லேன்.”

“யாருக்கு?”

“எனக்கும் உங்க அக்காவுக்கும்.”

நான் சிரித்துவிட்டேன். லீவு எடுத்தால் வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்க்கிற ஆள் அவர். “லாட்டரி ஏதாவது விழுந்துச்சா அத்தான்?”

“படம் எடுத்தேன்” என்றார்.

“என்ன படம்?”

“அக்காவுக்கு. இருமல் நிக்கலன்னு சொன்னாளே. கூட்டிட்டுப் போய் நானே எடுத்தேன். வலது பக்கம், மேல, ஒரு நிழல் இருக்கு. நல்ல நிழல் இல்ல.”

இதைச் சொன்ன குரலும் வீடு வேண்டும் என்று கேட்ட குரலும் ஒன்றுதான். அதனால் சிரிப்பை நிறுத்த எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. நெஞ்சு டாக்டரும் படத்தைப் பார்த்துவிட்டாராம். அவர் மூன்று வாரம் வெளியூர் போகிறார். திரும்பி வரும் திங்கட்கிழமை ஸ்கேன், அதற்குப் பிறகு ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்ப்பது, அப்புறம் மற்றதெல்லாம். நடுவில் இருக்கும் நாட்களில் எங்காவது கூட்டிக்கொண்டு போங்கள், ஒன்றும் கெட்டுப்போகாது என்று டாக்டரே சொன்னாராம்.

“அக்காகிட்ட சொல்லிட்டீங்களா?”

“டாக்டர் லீவுல இருக்காரு, வந்ததும் சொல்வாருன்னு சொல்லியிருக்கேன்.”

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியவில்லை. கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன். “நீங்க அவளுக்குப் புருஷனா, ஆபரேட்டரா?” என்றேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. நியாயமான கேள்வி என்பதுபோல யோசித்தார். “அன்னைக்கு அவ பலகை முன்னாடி நின்னு பேசிட்டே இருந்தா. பேசாம நில்லுன்னேன். சிரிச்சா. மறுபடி நிறுத்தி எடுத்தேன். படம் வந்துது. பார்த்தேன். பேரு, வயசு சரியா இருக்கான்னு பார்த்தேன். அனுப்பிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.”

“அவ்வளவுதானா? என்ன தோணிச்சு உங்களுக்கு?”

“ஒண்ணும் தோணல” என்றார். “இன்னைக்கு வரைக்கும் ஒண்ணும் தோணல. சாப்பிடறேன், வேலைக்குப் போறேன். அதுதான் எனக்குப் பயமா இருக்கு.”

தனக்குப் பயமாக இருக்கிறது என்று அந்த மனிதர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. முகம் எப்போதும் போலவே இருந்தது. டாக்டர் வந்து சொல்வதற்கு முன்னால் தானே அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று இருக்கிறாராம். வேறு யாரோ ஒருவரிடமிருந்து அவள் அதைக் கேட்கக் கூடாதாம். ஆனால் வீட்டில் முடியவில்லையாம். தினமும் சொல்ல வாயைத் திறக்கிறாராம், திறந்தால் மின்சாரக் கட்டணம் கட்டியாகிவிட்டதா என்று கேட்டுவிடுகிறாராம். வேறு இடத்துக்குப் போனால், பக்கத்தில் யாரும் இல்லாவிட்டால், முடியலாம். அதற்குத்தான் அமைதியான ஊர்.

“நீ சொல்லிடாத” என்றார், கிளம்பும்போது. நான் தலையாட்டினேன். அவர் போன பிறகு அழுகை வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன். வரவில்லை. மறுபடி மிஷினில் உட்கார்ந்து ஒரு திரையைத் தலைகீழாக மடித்துத் தைத்து முடித்துவிட்டேன். சாயங்காலம் வாங்க வந்த பெண்மணி காட்டின பிறகுதான் தெரிந்தது. அவருடைய மரத்துப்போகிற நோய் எனக்கும் ஒட்டிக்கொண்டது என்று நினைத்தேன்.

போனில் தேடிப் பார்த்ததில் ஒரு ஊர் கிடைத்தது. ஒரே தெரு. சில படகுகள். மத்தியானம் மூடிவிடும் ஒரு கடை. கடலைப் பார்த்தபடி இரண்டு அறை வீடு. வீட்டுக்காரம்மாவுக்குப் போன் போட்டேன். அமைதியான ஊர் என்று போட்டிருந்த அந்த விளம்பரத்துக்குச் சொந்தக்காரியின் குரல் காதைக் கிழித்தது. அலைச் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகியவர் போலிருக்கிறது.

“இங்க பார்க்கறதுக்கு ஒண்ணுமே இல்லீங்களே! எதுக்கு வர்றீங்க?” என்றார் அவர். இவ்வளவு நேர்மையாக வியாபாரம் செய்பவரை நான் கண்டதில்லை.

“ஒண்ணுமில்லன்னுதாங்க வர்றாங்க” என்றேன்.

அத்தான் என் மூலமாகக் கேள்வி மேல் கேள்வியாக அனுப்பினார். அறையில் ஈரம் இறங்குமா? பக்கத்தில் யாராவது குப்பை எரிப்பார்களா? புகை வருமா? படுக்கையில் தலைப்பக்கம் உயர்த்தி வைக்க முடியுமா? ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்? “இவரு தங்க வர்றாரா, இல்ல எங்க வீட்டைச் சோதனை போட வர்றாரா?” என்று வீட்டுக்காரம்மா கேட்டார். ஆனாலும் ஒவ்வொன்றுக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்து பதில் சொன்னார்.

அத்தான் அக்காவிடம் ஊருக்குப் போகிற விஷயத்தைச் சொன்னபோது நானும் அங்கே இருந்தேன். “அமைதியான ஊரா?” என்றாள். “எனக்கெதுக்குங்க அமைதி? வீட்டுல நீங்க இருக்கீங்களே, அது போதாதா?”

அத்தான் என்னைப் பார்த்தார். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். “எனக்குப் போகணும்னு இருக்கு” என்றார் அத்தான்.

அக்கா ஏதோ சொல்ல வந்தவள் நிறுத்திக்கொண்டாள். அவரை ஒரு மாதிரிப் பார்த்தாள். தனக்கு ஒன்று வேண்டும் என்று அவர் கேட்டு அவளும் கேள்விப்பட்டதில்லை. “சரிங்க, போகலாம்” என்றாள். அத்தனை சீக்கிரம் ஒத்துக்கொண்டது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

மறுநாள் ஆரம்பித்தது கூத்து. அத்தானின் தம்பியும் வருகிறார் என்று அக்கா போன் செய்தாள். அவரிடம் கார் இருக்கிறதாம், அவரே ஓட்டிக்கொண்டு வருவாராம். நான் வீட்டுக்காரம்மாவிடம் மூன்று பேர் என்று சொன்னேன். அடுத்து, பக்கத்து வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற நர்ஸம்மாவையும் கூப்பிட்டிருப்பதாகச் சொன்னாள். “அவங்க எதுக்கு?” என்றேன். “பாவம், தனியா இருக்காங்க, அவங்களும் கடலைப் பார்க்கட்டுமே” என்றாள். நான்கு பேர். அதற்கு அடுத்த நாள், “நீயும் கடையைப் பூட்டிட்டு வாடி” என்றாள். வீட்டுக்காரம்மாவுக்கு ஒரே குஷி. “நல்லா வாங்க! நான் பெரிய பானையா எடுத்து வைக்கிறேன்” என்று கத்தினார்.

அத்தான் மறுபடி கடைக்கு வந்தார். “ரெண்டு பேருன்னுதானே சொன்னேன்” என்றார்.

“அதை உங்க பொண்டாட்டிகிட்ட சொல்லுங்க. ஊரையே திரட்டறது அவதான்.”

“வேண்டாம்னா ஏன்னு கேட்பா.”

“கேட்டா சொல்லுங்க. சொல்றதுக்குத்தானே போறீங்க?”

அவர் ஸ்டூலில் உட்கார்ந்து தைத்துப் போட்டிருந்த மெத்தை உறையின் ஓரத்தை நீவிக்கொண்டே இருந்தார். எல்லாரும் அங்கே வந்து உட்கார்ந்துகொண்டால் தன்னால் சொல்லவே முடியாது என்றார். டாக்டர் திரும்பி வரும் திங்கட்கிழமை அவர் அறையில், முன்பின் தெரியாத ஒரு மேஜைக்கு முன்னால், அவள் அதைக் கேட்பாள் என்றார். அப்போதும் தான் பக்கத்தில் இதே முகத்தோடு நின்றுகொண்டிருப்பேன் என்றார். அவருக்காக நான் வருத்தப்பட்டேனா என்று கேட்டால், தெரியவில்லை. அந்த வாரம் முழுக்க எனக்கு எல்லாமே தண்ணீருக்கு அடியில் நடப்பதுபோல் இருந்தது. தலையாட்டினேன், தேநீர் வாங்கிக் கொடுத்தேன், அனுப்பிவைத்தேன்.

இரண்டு நாள் கழித்து அக்கா வந்தாள். வந்ததும் உள்ளே வரவில்லை, வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டாள். “என்ன வெயில்டி” என்றாள். வெயில் ஒன்றும் பெரிதாக இல்லை. தண்ணீர் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு, தெருவில் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

“உங்க அத்தானுக்கு ஏதோ இருக்குடி.”

எனக்குச் சட்டென்று புரியவில்லை. “என்ன இருக்கு?”

“உடம்புலதான். என்கிட்ட மறைக்கிறாரு. அந்த பேட்ஜ் ரிசல்ட் வந்துதான்னு ஒவ்வொரு தடவையும் நான் கேட்பேன், வந்துது, ஒண்ணுமில்லம்பாரு. இந்தத் தடவை கேட்டா பேச்சை மாத்தறாரு. ராத்திரி முழிச்சு முழிச்சு என்னையே பார்க்கறாரு. தலைப்பக்கம் உசத்தின படுக்கை வேணும்னு கேட்டாராமே, யாருக்கு? ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்னு கேட்டாராமே? நீ எங்க வீட்டுல நின்னு போன்ல பேசினதைக் கேட்டுட்டுத்தான் இருந்தேன். இத்தனை வருஷமா அந்த ரூமுக்குள்ளேயே நின்ன மனுஷன். எனக்கு எப்பவும் இந்தப் பயம் இருந்துதுடி.”

நான் அவள் கையிலிருந்த டம்ளரை வாங்கிக்கொண்டேன்.

“அதான் நர்ஸம்மாவைக் கூப்பிட்டேன். அங்க ஏதாவது ஒண்ணுன்னா ஒரு ஆளு வேணுமே. அதான் காரும் வேணும்னேன். அவர்கிட்ட சொல்லிடாத. அவரா வாயைத் திறந்து சொல்லட்டும். பாவம், எத்தனை நாளா தனியா வச்சுட்டு இருக்காரோ.”

அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவருக்கில்லை அக்கா, உனக்கு என்று மூன்றே வார்த்தை. நான் சொல்லவில்லை. வாக்குக் கொடுத்ததால் இல்லை. சொன்ன அடுத்த நொடி அவள் முகம் எப்படி ஆகும் என்பதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை, அதுதான் நிஜம். அத்தானைக் கல்லுளிமங்கன் என்று சொல்லித் திரிந்தவள், அன்றைக்கு நானும் அதே வேலையைத்தான் பார்த்தேன். “நேரா அவர்கிட்டயே கேளேன்” என்று மட்டும் சொன்னேன்.

“கேட்டா என்ன சொல்வாரு? டாக்டர் சொல்வாருன்னு சொல்வாரு” என்றாள் அக்கா. சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறியது. எழுந்திருக்கும்போது கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

அவள் போன பிறகு எனக்குக் கோபம் வந்தது. நல்ல கோபம். ஒரு வாரமாக உள்ளே அடைத்து வைத்திருந்த பஞ்சை யாரோ பிடுங்கினமாதிரி இருந்தது. ஒருத்தருக்கொருத்தர் பரிந்து, ஒருத்தருக்கொருத்தர் மறைத்து, நடுவில் என்னைக் கதவுத் தாழ்ப்பாள் மாதிரி வைத்திருக்கிறார்கள். போதும் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கு வருகிறேன், இரண்டு பேரும் இருங்கள், எத்தனை பேர் என்று வீட்டுக்காரம்மாவிடம் முடிவாகச் சொல்லியாக வேண்டும் என்று இருவருக்கும் போன் செய்தேன்.

சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தோம். பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்பு, நடுவில் என் போன். அக்கா சமையலறையிலிருந்து தேநீர் கொண்டுவந்தாள். மூன்று கோப்பையையும் ஒரே தட்டில் கொண்டுவருபவள், அன்றைக்கு ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தாள். நான் வீட்டுக்காரம்மாவுக்குப் போட்டு ஸ்பீக்கரை அமுக்கினேன்.

“ஆங், சொல்லுங்க! கடைசியா எத்தனை பேரு? நான் கட்டிலு போடணும்!”

“அஞ்சு பேருங்க” என்றாள் அக்கா.

“ரெண்டு பேரு” என்றார் அத்தான்.

“அஞ்சுங்க.”

“ரெண்டு.”

“என்னம்மா, ஏலமா போடறீங்க?” என்றது போன்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர்கள் இருவருக்கும் வரவில்லை. அக்கா கடைசிக் கோப்பையை மேஜையில் வைத்துவிட்டு நின்றுகொண்டே இருந்தாள். “நர்ஸம்மா இல்லாம நான் உங்களை எங்கேயும் கூட்டிட்டுப் போக மாட்டேன். சொல்லிட்டேன்.”

“என்னையா?” என்றார் அத்தான்.

“உங்களைத்தான். போதும்ங்க, மறைச்சது. எனக்குத் தெரியும். பேட்ஜ்ல என்ன வந்துச்சு, சொல்லுங்க.”

“பேட்ஜ்லயா?”

“ஆமா. என்ன வந்துச்சு? ரத்தத்துலயா? எங்க? எவ்வளவு நாளா?” அவள் குரல் உடைந்தது. “நான் என்ன சின்னப் புள்ளையா? என்கிட்ட சொன்னா என்ன? நான் பார்த்துக்க மாட்டேனா உங்களை?”

அத்தான் என் பக்கம் திரும்பினார். நான் பிளாஸ்டிக் விரிப்பில் இருந்த பூக்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை அவருக்கு உதவக் கூடாது என்று வைராக்கியமாக இருந்தேன்.

“பேட்ஜ்ல ஒண்ணும் இல்ல” என்றார். “எப்பவும் போலத்தான்.”

“பொய்.”

“பொய் இல்ல. உன் படத்துலதான் இருக்கு.”

“என் படத்துலயா?”

“நான் எடுத்த படம். வலது பக்கம், மேல. நானும் பார்த்தேன், டாக்டரும் பார்த்தாரு. அவர் ஊர்லேருந்து வந்ததும் ஸ்கேன் பண்ணணும். நல்லதா இருக்கும்னு சொல்ல முடியாது. எனக்கு எதுவும் இல்ல. உனக்குத்தான்.”

ஒவ்வொரு வார்த்தையாக, அந்த அறையில் நின்று சொல்வதைப் போலவே, ஏற்றமும் இறக்கமும் இல்லாமல் சொன்னார். ஆனால் சொல்லிவிட்டார். கடல் இல்லை, அமைதி இல்லை, காது கிழியக் கத்துகிற ஒரு அம்மா போனில் கேட்டுக்கொண்டிருக்க, மச்சினி எதிரில் உட்கார்ந்திருக்கச் சொல்லிவிட்டார்.

நான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். எந்த முகத்தைப் பார்க்கக் கூடாது என்று ஒரு வாரமாக ஓடி ஒளிந்தேனோ, அந்த முகம். அது இடிந்துபோகும் என்று நினைத்தேன். அப்படி ஆகவில்லை. இறுகியிருந்த நெற்றி தளர்ந்தது. தோள் இறங்கியது. மெதுவாக நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

“அப்போ உங்களுக்கு ஒண்ணுமில்லையா?” என்றாள்.

“இல்ல.”

“சத்தியமா?”

“சத்தியமா இல்ல.”

“அப்பாடா” என்றாள் அக்கா. இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “கொஞ்ச நாளா எனக்கு உயிரே இல்லைங்க.”

அவள் சந்தோஷப்பட்டாள். நான் இதைக் கூட்டிச் சொல்லவில்லை. காணாமல்போன பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்ட மாதிரி அவளுக்கு ஒரு நிம்மதி. கொஞ்ச நேரம் வேறெதுவும் அவளுக்கு எட்டவில்லை. பிறகு எட்டியது. அவள் கை அவளுக்கே தெரியாமல் மேலே போய்க் கழுத்துக்குக் கீழே நின்றதைப் பார்த்தேன். அதுவரை வராத அழுகை எனக்கு அப்போது வந்தது. யாரும் என்னைக் கவனிக்கவில்லை.

“ஹலோ?” என்றது போன். இத்தனை நாளில் அந்த அம்மா மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. “ஹலோ, இருக்கீங்களாம்மா? நான் அப்புறமா கூப்பிடட்டுங்களா?”

“இருக்கேங்க” என்றாள் அக்கா. தொண்டையைச் செருமிக்கொண்டு போனைத் தன் பக்கம் இழுத்தாள். “ரெண்டு பேருதாங்க. ரெண்டு கட்டிலு போதும். ஒண்ணு கேட்கணும். கடலு வீட்டுல இருந்தே தெரியுமா, இல்ல நடந்து போகணுமா?”

“வாசல்ல நாற்காலி போட்டா தெரியும்மா. நடக்கவே வேணாம்.”

“அப்ப சரி. என்னால இப்பல்லாம் நடக்க முடியறதில்லைங்க. கொஞ்ச தூரம் போனாலே மூச்சு வாங்குது. மாடிப்படி ஏறி எவ்வளவோ நாளாச்சு. துணியெல்லாம் கீழேயே காயப்போடறேன்.”

அத்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவள் நெஞ்சுக்குள் என்ன இருக்கிறது என்று அவளுக்கு முன்பே பார்த்தவர் அவர். அவள் மாடிக்குப் போவதை நிறுத்திவிட்டது அவருக்குத் தெரியாது.

“எப்பலேருந்து?” என்றார்.

“மழை நின்னதுலேருந்தே. முதல்ல சளின்னு நினைச்சேன்.”

“ஏன் என்கிட்ட சொல்லல?”

“நீங்கதான் முடியாம இருக்கீங்கன்னு நினைச்சேனே. உங்களுக்கு முதல்ல தேறட்டும், அப்புறம் என் கதையைச் சொல்லிக்கலாம்னு இருந்தேன்.”

அத்தான் எழுந்து நின்றார். எங்கே போவது என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார். “எனக்குத் தெரியாதே” என்றார். “எனக்குத் தெரியாதே.” அதையே மறுபடியும் சொன்னார். ஒவ்வொரு தடவையும் குரல் கொஞ்சம் கொஞ்சமாக அவர் கையை விட்டுப் போனது. கடைசியில் வார்த்தையே இல்லாமல் சத்தம் மட்டும் வந்தது. அப்படி ஒரு சத்தம் அவரிடம் இருக்கிறது என்று எங்கள் யாருக்கும் தெரியாது. அக்கா ஒரு கையால் போனைப் பொத்திக்கொண்டு, இன்னொரு கையால் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.